இரண்டு வகை ஃபயர்வோல்களின் அப்ளிகேஷன் வரைவிலக்கணங்களை ஒரே கோப்பிலிருந்து பராமரிப்பது எப்படி?

கொள்ளுப்பிட்டி வலையமைப்பாளர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்கிறோம். கோட்டையிலுள்ள தரவு நிலையத்தில் பாலோ ஆல்ட்டோ ஃபயர்வோல் (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பெட்டி) சோடி ஒன்றும், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி, காலி முதலிய கிளைகளில் ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ் ஃபயர்வோல் பெட்டிகளும் இருக்கின்றன. புதிய மென்பொருள் ஒன்று பாவனைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அது எந்த போர்ட்டில் (தொடர்பு வாசல் இலக்கத்தில்) பேசும் என்ற விபரம் மின்னஞ்சலில் வந்து சேரும். நாங்கள் பெட்டி பெட்டியாகத் திறந்து அதற்கொரு வரைவிலக்கணம் எழுதி, பிறகு அதைப் பொலிசியில் (எதை அனுமதிப்பது என்று சொல்லும் விதியில்) சேர்ப்போம்.

பல வருடமாக இப்படியே நடந்ததன் விளைவைப் போன மாதம்தான் முழுமையாகப் பார்த்தேன். எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளத்துக்கான டிசிபி 1433 என்ற ஒரே போர்ட்டுக்கு எங்கள் பெட்டிகளில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று "எம்எஸ்-எஸ்கியூஎல்", இன்னொன்று "எம்எஸ்-எஸ்கியூஎல்-புதிது", இன்னொன்று "லோன்-டிபி", வேறொன்று "ஓடிட்-தற்காலிகம்". அந்தத் தற்காலிகத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது.

ஆகவே எல்லா வரைவிலக்கணங்களையும் ஒரு யமல் (பட்டியல் வடிவ எழுத்து) கோப்பில் எழுதி, அதைக் கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும்) களஞ்சியத்தில் வைத்து, அன்சிபிள் என்ற தன்னியக்கக் கருவி மூலம் இரண்டு வகைப் பெட்டிகளுக்கும் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தேன். பெயர், புரோட்டோகோல் (டிசிபியா யூடிபியா என்பது), போர்ட் என்ற மூன்று விபரங்கள்தான் அந்தக் கோப்பில் இருக்கின்றன. சேர்ப்பது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இரண்டு சிக்கல்கள் வந்துவிட்டன. முதலாவது, கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டாலும் பெட்டியில் அந்த வரைவிலக்கணம் அப்படியே கிடக்கிறது. இரண்டாவது சிக்கல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. யாழ்ப்பாணக் கிளையிலிருந்து கோட்டையிலுள்ள தரவுத்தளத்துக்கு இரவில் ஓடும் அறிக்கை வேலை ஒன்று இருக்கிறது. பொலிசிகளைப் பழைய பெயர்களிலிருந்து என் புதிய பொதுப் பெயருக்கு மாற்றிய அன்றைய பகல் சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அன்றிரவிலிருந்து அந்த வேலை பாதியில் அறுந்து போகிறது. போர்ட்டும் சரி, பொலிசியும் சரி, பதிவுகளில் தடுக்கப்பட்டதாக எதுவுமே இல்லை.

பெயரை எப்படி வைப்பது, நீக்குவதை எப்படித் தன்னியக்கமாக்குவது, போர்ட் அடிப்படையிலான வரைவிலக்கணங்களோடு பாலோ ஆல்ட்டோவின் அப்-ஐடி (போர்ட்டை மட்டும் நம்பாமல் போக்குவரத்தையே பார்த்து மென்பொருளை அடையாளங்காணும் முறை) விபரங்களையும் அதே கோப்பில் வைக்கலாமா என்ற மூன்றுக்கும் அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர் இதை ஒரு நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பம்பலப்பிட்டி ரூட்டர்

முதலில் அந்த இரவு வேலையைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கோப்பின் வடிவமே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் கைவிட்ட பழைய பெயர்களில் ஒன்றைத் திறந்து, அதில் செயலற்ற நேர வரம்பு (ஒரு தொடர்பு எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்ற அளவு) ஏதாவது எழுதப்பட்டிருந்ததா என்று பாருங்கள். எஸ்ஆர்எக்ஸ் பெட்டியில் நீங்கள் எழுதும் ஒரு டிசிபி வரைவிலக்கணத்துக்கு நேர வரம்பு கொடுக்காவிட்டால் 1800 செக்கன்கள் என்று எடுத்துக்கொள்ளும். யூடிபி என்றால் 60 செக்கன்கள். பாலோ ஆல்ட்டோவில் இயல்பான டிசிபி வரம்பு 3600 செக்கன்கள், யூடிபிக்கு 30. அதாவது இரண்டு பெட்டிகளிலும் "டிசிபி 1433" என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் அவை ஒரே பொருளைச் சொல்லவில்லை.

உங்கள் அறிக்கை வேலை தரவுத்தளத்தோடு ஒரு தொடர்பைத் திறந்து, ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, தன் பக்கத்தில் நாற்பது நிமிடம் கணக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடம் என்றால் 2400 செக்கன்கள். கோட்டையிலுள்ள பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்திலுள்ள பெட்டி முப்பதாவது நிமிடத்தில் அந்த செஷனை, அதாவது திறந்திருக்கும் தொடர்பின் பதிவை, தன் அட்டவணையிலிருந்து எடுத்துவிடும். அதற்குப் பிறகு வரும் தரவுப் பொதி ஏற்கனவே நடந்துகொண்டிருந்த உரையாடலின் நடுத்துண்டு. அதற்குரிய செஷன் இல்லாததால் பெட்டி அதைக் கைவிடும். பொலிசி மறுத்ததாகப் பதிவு எதுவும் வராததற்கு அதுவே காரணம். சேர்வர் பக்கத்தில் கீப்அலைவ் (சும்மா இருக்கும் தொடர்பை உயிரோடு வைக்க அனுப்பும் சிறு பொதி) இருக்கிறதே என்று யாராவது சொன்னால், லினக்ஸில் அதன் இயல்பான இடைவெளி 7200 செக்கன்கள் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தட்டும் கதவு, அரை மணித்தியாலத்தில் பூட்டப்படும் வீட்டுக்கு உதவாது.

இன்னொன்று. பகலில் சோதித்தபோது சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்ஆர்எக்ஸில் பொலிசி ரீமெட்ச் என்ற தெரிவு இயக்கப்படாமல் இருந்தால், பொலிசியின் பொருத்த நிபந்தனையை மாற்றும்போது அந்தப் பொலிசியால் முன்னரே அனுமதிக்கப்பட்ட செஷன்கள் தொடர்ந்து ஓடும். ஆகவே மாற்றம் செய்த உடனே, திறந்திருக்கும் தொடர்பிலேயே சோதித்தால் நீங்கள் சோதிப்பது பழைய நிலையைத்தான். புதிய தொடர்பு ஒன்றைத் திறந்து, அதை வேலை வழமையாகச் சும்மா இருக்கும் நேரத்தைவிட அதிகமாகச் சும்மா விட்டு, பிறகு பேச வைத்துப் பாருங்கள்.

கோப்பில் நேர வரம்பு என்ற நான்காவது விபரத்தைக் கட்டாயமாக்குங்கள். இயல்பான அளவுதான் வேண்டும் என்றாலும் எண்ணை எழுதுங்கள். வெறுமையாக விட்டால் ஒவ்வொரு தயாரிப்பும் அதைத் தன் விருப்பப்படி நிரப்பும். அப்போது உங்கள் கோப்பைப் பார்த்து வலையமைப்பின் உண்மை நிலையைச் சொல்ல முடியாது.

தெஹிவளை பைத்தன்

நீக்குவதைப் பற்றி நான் எழுதுகிறேன், இதில் நான் நிறையவே பட்டிருக்கிறேன்.

உங்கள் ஏற்பாடு ஜூனிப்பருக்கு மாற்றங்களை "மேர்ஜ்" முறையில் அனுப்புகிறது என்று ஊகிக்கிறேன். அந்த முறையில் அனுப்பப்படுவது ஏற்கனவே உள்ளதோடு கலக்கும். அனுப்பப்படாததைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்தீர்கள் என்பது பெட்டிக்குத் தெரியவே தெரியாது. அன்சிபிள் பக்கத்திலும் அதே கதைதான்: பட்டியலில் இல்லாத ஒன்றை அது தேடிப் போய் அழிக்காது, இது இல்லாமற்போக வேண்டும் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உடனே தோன்றும் தீர்வு, அப்ளிகேஷன் பகுதி முழுவதையும் "ரிப்ளேஸ்" முறையில் மாற்றிவிடுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு நாள் கோப்பை உருவாக்கும் ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுபோய், பாதிப் பட்டியல் மட்டும் பெட்டிக்குப் போனது. நல்ல வேளையாக, பொலிசியில் பயன்படும் வரைவிலக்கணம் இல்லாமற்போனால் எஸ்ஆர்எக்ஸ் அந்தக் கொமிட்டை (மாற்றத்தை அமுலாக்கும் கட்டளையை) ஏற்காது. ஆகவே அன்று எதுவும் அறுந்துபோகவில்லை. ஆனால் அந்தத் தடை இருந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்து, அன்றே முறையை மாற்றினேன்.

இப்போது நான் செய்வது இதுதான். நெட்கொன்ஃப் (பெட்டியின் அமைப்பை வாசிக்கவும் மாற்றவும் உதவும் புரோட்டோகோல்) வழியாக, அதாவது ஆர்எஃப்சி 6241 சொல்லும் முறையில் போர்ட் 830 ஊடாக, பெட்டியில் இப்போது உள்ளதை வாசித்து எடுக்கிறேன்; பாலோ ஆல்ட்டோவில் அதன் ஏபிஐ (நிரல்கள் பெட்டியோடு பேசும் இடைமுகம்) மூலம் எடுக்கிறேன். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக் கோப்போடு ஒப்பிடுகிறேன். பெட்டியில் இருந்து கோப்பில் இல்லாதவை இரண்டு வகைப்படும்: நாங்கள் முன்பு அனுப்பி இப்போது எடுத்துவிட்டவை, யாரோ கையால் எழுதியவை. இந்த இரண்டையும் பிரித்தறிய, களஞ்சியத்திலிருந்து போகும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முன்னொட்டு வைத்திருக்கிறேன். முன்னொட்டு உள்ளதைத்தான் ஸ்கிரிப்ட் நீக்கும். முன்னொட்டு இல்லாததை அது தொடாது, அறிக்கையில் மட்டும் காட்டும்; அதை என்ன செய்வது என்று மனிதர் ஒருவர் முடிவெடுப்பார்.

ஒழுங்கும் முக்கியம். சேர்க்கும்போது வரைவிலக்கணம், பிறகு அது சேர வேண்டிய தொகுதி, கடைசியில் பொலிசி, நீக்கும்போது நேர்மாறாக. ஒரே ஓட்டத்தில் ஐந்துக்கு மேற்பட்டவை நீக்கப்படவிருந்தால் ஸ்கிரிப்ட் நின்று அனுமதி கேட்கும். இந்த ஒரு நிபந்தனைக்காக நான் செலவழித்த அரை மணித்தியாலத்தைப் போலப் பயன் தந்த அரை மணித்தியாலம் இந்தச் செயற்றிட்டத்தில் வேறு இல்லை.

எஸ்ஆர்எக்ஸில் முதலில் கொமிட் செக் (அமுலாக்காமல் பிழை பார்ப்பது), பிறகு கொமிட் கொன்ஃபர்ம்ட் (தற்காலிகமாக அமுலாக்குவது). உறுதிப்படுத்தாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். 0 முதல் 49 வரை பழைய நிலைகளும் பெட்டியில் இருக்கும். ஆனால் மேலே சொன்ன நேர வரம்புச் சிக்கலை இந்த 10 நிமிடம் ஒருபோதும் காட்டிக்கொடுக்காது என்பதை மனதில் வைத்திருங்கள்; அது முப்பதாவது நிமிடத்தில்தானே தலைகாட்டுகிறது. மாற்றத்தைத் தொடங்க முன்னர் கொன்ஃபிகை (பெட்டியின் அமைப்பு விபரத்தை) மற்றவர் மாற்றாதபடி பூட்டிக்கொள்ளுங்கள். பாலோ ஆல்ட்டோவில், தன்னியக்கத்துக்கென ஒரு தனிக் கணக்கை வைத்து, அந்தக் கணக்கு செய்த மாற்றங்களை மட்டும் கொமிட் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சக ஊழியர் பாதியில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போன பொலிசியும் சேர்ந்து அமுலுக்கு வந்துவிடும்.

யமல் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எஃப்டிபிக்காக போர்ட் வீச்சு ஒன்றை மேற்கோள் குறி இல்லாமல் 20:21 என்று எழுதினால், பைத்தனின் பையமல் நூலகம் அதை அறுபதின் அடிமான எண்ணாக வாசித்து 1221 என்று தரும். யமல் 1.1 விதிப்படி அது பிழையான வாசிப்பு அல்ல, ஆனால் உங்களுக்கு வேண்டியதும் அதுவல்ல. தொடக்க போர்ட், முடிவு போர்ட் என்று இரண்டு தனித்தனி எண்களாக எழுதி, அவை 0 முதல் 65535க்குள் இருக்கின்றனவா, தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இல்லையா என்று கொமிட்டுக்கு முன்னரே சோதியுங்கள்.

கொட்டாஞ்சேனை பாதுகாப்பு

பெயரிடுவதில் ஒரு கருத்து. பெயரில் போர்ட்டை எழுதாதீர்கள், தொழிற்பாட்டை எழுதுங்கள். "லோன்-டிபி" என்ற பெயரைத் திட்டிப் பயனில்லை. அது எதற்கு என்று சொல்கிற ஒரே பெயர் அதுதான். "டிசிபி-1433" என்பது எனக்கு எதையும் சொல்லவில்லை. கணக்காய்வாளர் வந்து இந்த வாசல் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்கும்போது, போர்ட் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லித் தப்ப முடியாது. அட்டைக் கொடுப்பனவுத் தரவு உங்கள் வலையமைப்பில் ஓடுமானால், பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைத் தரவுப் பாதுகாப்பு நியமத்தின் 4.0.1 பதிப்பிலுள்ள 1.2.5ஆம் நிபந்தனை, அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு சேவையும், புரோட்டோகோலும், போர்ட்டும் அடையாளங்காணப்பட்டு, அங்கீகரிக்கப்பட்டு, வரையறுக்கப்பட்ட வணிகத் தேவையோடு இருக்க வேண்டும் என்கிறது. 1.2.7, ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கொன்ஃபிகை மீளாய்வு செய்யச் சொல்கிறது. யார் உரிமையாளர், எந்த டிக்கெட் (விண்ணப்பப் பதிவு), அடுத்த மீளாய்வு எப்போது என்பவை ஒவ்வொரு வரைவிலக்கணத்தோடும் இருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி ரூட்டர்

கொட்டாஞ்சேனை நண்பர் சொல்வதில் உரிமையாளர் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தொழிற்பாட்டுப் பெயரை அடிப்படை வரைவிலக்கணத்துக்கே வைத்ததால்தான் ஒரு போர்ட்டுக்குப் பதினொரு பெயர் வந்தது. கடன் பிரிவு அதை ஒரு பெயரால் அழைக்கும், கணக்குப் பிரிவு இன்னொரு பெயரால் அழைக்கும், விண்ணப்பம் சிங்களத்தில் வந்தால் அதன் ஒலிபெயர்ப்பில் மூன்றாவது பெயர் பிறக்கும்.

இரண்டு தட்டாகப் பிரித்துப் பாருங்கள். கீழ்த்தட்டில் புரோட்டோகோல், போர்ட், நேர வரம்பு ஆகிய மூன்றையும் பெயரிலேயே கொண்ட வரைவிலக்கணம்: "டிசிபி-1433-1800" ஒன்று, "டிசிபி-1433-7200" இன்னொன்று. இவற்றை எழுதிய பிறகு எவரும் திருத்தக்கூடாது. வேறு அளவு வேண்டுமானால் வேறு பெயரில் புதிதாக எழுத வேண்டும். பெயரும் உள்ளடக்கமும் பொருந்துகின்றனவா என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் சரிபார்க்கலாம், ஏனென்றால் பெயரிலிருந்தே உள்ளடக்கத்தைக் கணக்கிட முடியும். மேல்தட்டில் தொகுதி: ஜூனிப்பரில் அப்ளிகேஷன் செட், பாலோ ஆல்ட்டோவில் சேவைத் தொகுதி. தொழிற்பாட்டுப் பெயரும், உரிமையாளரும், டிக்கெட்டும் இதற்குத்தான். பொலிசி எப்போதும் மேல்தட்டை மட்டுமே குறிப்பிடும். கடன் மென்பொருள் நாளை வேறொரு போர்ட்டுக்கு மாறினால், பொலிசி ஒன்றையும் தொடாமல் தொகுதியின் அங்கத்தவரை மட்டும் மாற்றினால் போதும். பெயர் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பாலோ ஆல்ட்டோவில் சேவைப் பெயருக்கு 63 எழுத்துகள் வரை இடமுண்டு, அப்ளிகேஷன் பெயருக்கு 31 மட்டுமே.

கொட்டாஞ்சேனை பாதுகாப்பு

இப்படிப் பிரித்தால் எனக்கு மறுப்பு இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பயன்படாதவற்றை நீக்க ஹிட் எண்ணிக்கையை (ஒரு பொலிசி எத்தனை தடவை பயன்பட்டது என்பதை) பார்க்கும்போது மூன்று மாதத்தை அளவாகக் கொள்ளாதீர்கள். எங்கள் வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. வருடத்தில் ஒரு தடவை மட்டும் ஓடும் வேலைகள் அதை ஒட்டித்தான் வரும். நான் பதின்மூன்று மாதம் பார்த்த பிறகே ஒன்றைக் கைவிடப்பட்டதாகக் கருதுவேன், அதுவும் உரிமையாளரிடம் கேட்ட பிறகு.

வத்தளை அப்-ஐடி

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: ஒரே களஞ்சியத்தில் வையுங்கள், ஆனால் ஒரே கோப்பில் வேண்டாம். போர்ட் வரைவிலக்கணம் நீங்கள் எழுதினால் ஒழிய மாறாது. அப்-ஐடி அப்படியல்ல, அதைத் தயாரிப்பாளர் மாற்றிக்கொண்டே இருப்பார். புதிய அப்-ஐடிகள் வழமையாக மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வெளிவருகின்றன. அமெரிக்க நேரத்தைக் கணக்கிட்டால் நமக்கு அது புதன்கிழமை ஆகிவிடலாம். இதுவரை பொதுவாக "எஸ்எஸ்எல்" (மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்து) என்று அடையாளங்காணப்பட்ட ஒரு போக்குவரத்துக்கு அன்று தனிப் பெயர் கிடைத்தால், எஸ்எஸ்எல்லை மட்டும் அனுமதித்த உங்கள் பொலிசி அதைப் பிறகு அனுமதிக்காது. நீங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே அந்தப் பக்கத்தில் தன்னியக்கம் செய்ய வேண்டியது, புதிய அப்-ஐடித் தொகுப்பை இறக்கி, அதில் வந்த புதிய பெயர்கள் எங்கள் எந்தப் பொலிசிகளைத் தொடும் என்று பட்டியலிட்டு, ஒருவரின் கையில் கொடுப்பது. உற்பத்திப் பெட்டியில் நிறுவ ஒரு தாமத எல்லை வையுங்கள். போயா தினத்தில் கிளைகள் பூட்டியிருக்கும் என்பதால் மாற்றங்களை அன்று செய்யும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இணையவழிக் கொடுப்பனவுகளுக்கு விடுமுறை இல்லை என்பதையும், அன்று உதவிக்கு அழைக்கக்கூடிய ஆள் குறைவு என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

உள்ளகமாக எழுதப்பட்ட மென்பொருளுக்கு அப்ளிகேஷன் ஓவர்ரைட் (பெட்டியின் அடையாளங்காணலை மீறி நாமே பெயர் சூட்டுவது) போடுவதை மட்டும் தன்னியக்கமாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது சிக்கலைச் சுலபமாகத் தீர்ப்பது போலத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதிய தனிப்பயன் அப்ளிகேஷனுக்கு ஓவர்ரைட் செய்த போக்குவரத்தில் ஏழாம் அடுக்குப் பரிசோதனை, அதாவது உள்ளடக்கத்தைப் பார்க்கும் பரிசோதனை, நடக்காது. அந்த முடிவை ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதர் எடுத்து, தன் பெயரை அதில் எழுத வேண்டும்.

கொள்ளுப்பிட்டி வலையமைப்பாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பம்பலப்பிட்டி அண்ணா சொன்னபடி யாழ்ப்பாணப் பெட்டியில் தேடினேன். நான் கைவிட்ட "லோன்-டிபி"யில் நேர வரம்பு 7200 என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் காரணத்தை எங்கும் குறிக்கவில்லை, ஆனால் இப்போது நான் பட்ட அதே பாட்டைப் பட்ட பிறகுதான் எழுதியிருப்பார் என்று தோன்றுகிறது. "டிசிபி-1433-7200" என்று புதிதாக எழுதி அந்தத் தொகுதியில் மாற்றினேன். நேற்றிரவு அறிக்கை வேலை முடிவு வரை ஓடியது.

தெஹிவளை நண்பரின் ஒப்பீட்டை வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்றில் இன்று காலை ஓட்டினேன். கோப்பில் இல்லாமல் பெட்டிகளில் மட்டும் இருப்பவை 214. அவற்றில் இயல்பான அளவுக்கு வேறான நேர வரம்பு உள்ளவை 37. இந்த 37க்கும் உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் வரை எந்தப் பொலிசியையும் புதிய பெயருக்கு மாற்றுவதில்லை என்று எங்கள் முகாமையாளரிடம் சொல்லிவிட்டேன். புத்தாண்டுக்கு முன்னர் முடிக்கும் எண்ணத்தையும் கைவிட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: உரிமையாளர் கிடைக்காத வரைவிலக்கணங்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தெஹிவளை பைத்தன்

அதை ஒரு தனிக் கோப்பில், உள்ளது உள்ளபடியே, அதே நேர வரம்போடு எழுதி, உரிமையாளர் இடத்தில் உங்கள் பிரிவின் பெயரைப் போடுங்கள். அதைப் பயன்படுத்தும் பொலிசியில் செஷன் தொடக்கப் பதிவை இயக்கிவிடுங்கள். எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்தால், அந்த இயந்திரம் எந்தப் பிரிவின் மேசையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கலாம். என் பட்டியலில் கடைசியாக மிஞ்சிய நான்கில் மூன்றை அப்படித்தான், மாடி மாடியாக நடந்து கண்டுபிடித்தேன். நான்காவது இன்னும் எங்கள் பிரிவின் பெயரில்தான் இருக்கிறது.